சுவரும் சுண்ணாம்பும்

திருவண்ணாமலைக்கு வருவோர் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம்வருவர். பின்னர் ஊர் திரும்புவர். மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ள செங்கத்திற்குச் செல்வோர் மிகச் சிலரே. அங்கே வேணுகோபாலப் பார்த்தசாரதி கோயில் மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியர் இராம கதையை வரிசை வரிசையாகத் தீட்டியுள்ளனர். படங்களுக்குத் தெலுங்கில் குறிப்பும் எழுதியுள்ளனர். எழுத்தறியாதவர்க்கோ படமே போதும்.

இக்காலத்தில் நகரத் தெருக்களில் சுவரோவியம் தேடிச் செல்வோர் பெருகியுள்ளனர். சென்னைக் கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டில் அடுக்குமாடி வீடுகளின் புறச்சுவர்களிலே பெரிய ஓவியங்கள் எழுந்தன. இதனைப் பழம்புலவர் சிலர் இகழ்வர். அஃது முறையன்று, எளியோர் வாழும் வீட்டின் சுவரிற் கலை ஏறியது மகிழத்தக்கதே. ஆனால், புதுச்சுவரைத் தேடிக் காணும் கண் பழஞ்சுவரையும் காண வேண்டாவா?

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிற் பல்லவர் ஓவியங்கள் பிற்காலப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்தன. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் அவற்றைக் கண்டறிந்தார். அதே ஆண்டில், தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தின் அடியிற் சோழர் ஓவியம் இருத்தலை எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். பழைய ஓவியத்தின்மேற் சுண்ணாம்பு பூசுவோர் பகைவர் அல்லர். கோயில் வெண்மையாகப் பொலிதல் வேண்டுமென விரும்பும் அன்பரே. பகைவரைத் தடுக்கலாம், அன்பரை யார் தடுப்பார்?

ஆதலின், திருப்பணியில் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்க்குமுன், ஓவியம் அறிந்தார் ஒருவர் சுவரையும் விதானத்தையும் பார்த்தல் வேண்டும். செங்கத்து ஓவியங்களிற் பல இடங்கள் மங்கிவிட்டன. எஞ்சியவற்றை மாணவர் ஒருநாட் சென்று காணலாம். திருவண்ணாமலையிலிருந்து பேருந்து உண்டு.