விரிவுரையாளரும் கற்க வேண்டும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொவிட் நோயின் பொருட்டு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. கரும்பலகையின் முன் நின்று பல்லாண்டு பழகிய விரிவுரையாளர்கள், சில வாரங்களுக்குள் 'சூம்' திரையின் முன் அமர நேர்ந்தது. மாணவர் பலருக்கோ கைத்தொலைபேசியே வகுப்பறையும் நூலகமும் ஆயிற்று. கருவி விரைந்து வந்தது. அதனைக் கையாளும் அறிவு அவ்வளவு விரைவில் வரவில்லை. அன்று வெளிப்பட்ட அக்குறை இன்று முற்றாக நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். நம்மவர் பலர் தம் பாடக் குறிப்புக்களைப் 'பாமினி' எழுத்துருவிலேயே நெடுங்காலம் தட்டச்சுச் செய்து வந்துள்ளனர். பாமினியில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டுள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் குறிப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். அதனைப் பி.டி.எப். கோப்பாக மாற்றினால் தமிழ் தெரியும். ஆயின் வேண்டிய தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. பெரிய தாளுக்கென அமைந்த பக்கம் சிறிய திரையில் அடங்காமையால், வரிக்கு வரி இடமும் வலமும் நகர்த்தியே படித்தல் வேண்டும். அதே பாடத்தை யூனிகோட் எழுத்தில் அமைத்து, 'ஈபப்' என்னும் மின்னூல் வடிவில் வழங்கினால், வரிகள் திரையின் அளவுக்கேற்பத் தாமே மடங்கி அமையும்; சொல்லையும் தேடிக் காணலாம். சிறியதொரு நுட்பமே, எனினும் தொலைபேசியைத் தவிர வேறு புத்தகமில்லாத மாணவனுக்கு, படிப்பதும் படியாமல் விடுவதும் அதிலேயே தங்கியுள்ளன.

இவற்றை விரிவுரையாளருக்குக் கற்பிப்பது எவ்வாறு? ஒரு நாட் செயலமர்வு வைத்து, நிபுணர் ஒருவர் பேச, மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு வீடு திரும்புவதாற் பயன் சிறிதே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. விரிவுரையாளர் ஒவ்வொருவரும் தாம் அடுத்த வாரம் கற்பிக்கவிருக்கும் ஒரு பாடத்தையே கொண்டுவருதல் வேண்டும். அதனைத் தம் கையாலேயே யூனிகோட்டுக்கு மாற்றி, மின்னூலாக்கி, விலை குறைந்த தொலைபேசி ஒன்றில் திறந்து, மாணவன் காண்பதைத் தாமும் காணுதல் வேண்டும். ஐயம் எழும்போது கேட்பதற்கு ஒருவர் அருகில் இருத்தலும், இரு வாரங்களின் பின் மீண்டும் கூடி இடர்ப்பாடுகளைப் பேசுதலும் அவசியம்.

இங்கே பெருந்தடை கருவியன்று; கூச்சமே. இருபது ஆண்டுகள் கற்பித்த ஒருவர், நேற்றுப் பட்டம் பெற்ற உதவி விரிவுரையாளரிடம் "இதை எப்படிச் செய்வது, தம்பி?" என்று கேட்கத் தயங்குவது இயல்பே. ஆயினும், "தெரியாதவற்றைக் கேள்" என்று மாணவருக்கு நாள்தோறும் சொல்லுகின்ற நாம், அதனை நம்மளவில் மறுக்கலாமோ? கேட்கப்படுகின்ற இளையோரும் பொறுமை காத்தல் வேண்டும். கருவியைத் தாமே பறித்துச் செய்துமுடிப்பது உதவியாகாது. பெரியவர் விரலே திரையிற் படவேண்டும்.

பல்லாண்டு தேடிய புலமை ஆசிரியரிடம் உண்டு. அது மாணவனின் உள்ளங்கைக்குச் சென்று சேரும் வழியை மட்டுமே அவர் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. அவ்வழியைக் காட்டிக் கொடுப்பது, பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியருக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.