கண்புரை அறுவைச் சிகிச்சை: கண் டாக்டர் ஏன் சர்க்கரை அளவைக் கேட்கிறார்?

"20 நிமிஷ வேலை. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்."

கண்புரை அறுவைச் சிகிச்சை பற்றி வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். அது உண்மையும்கூட. மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் மாறுவது வில்லை மட்டும்தான். அதன் பின்னால் இருக்கும் விழித்திரை பழையதே. நீரிழிவு குறிவைப்பதும் அதைத்தான்.

சிங்கப்பூரில் 2007க்கும் 2009க்கும் இடையே, 40 வயதைத் தாண்டிய சுமார் 3,400 இந்தியர்களின் கண்களைப் பரிசோதித்தார்கள். நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு விழித்திரையில் பாதிப்பு தெரிந்தது. நம் அப்பா அம்மா தலைமுறைதான் அது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வருகிறது. விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதன் மையப் பகுதி வீங்கும் வாய்ப்பு அதிகம். அப்படி வீங்கினால் புது வில்லை வைத்தும் பார்வை தெளியாது. அதனால்தான் டாக்டர் முதலில் விழித்திரையைப் பார்க்கிறார். சிலருக்கு அதற்கான சிகிச்சையைத் தொடங்கிய பிறகே கண்புரைக்கு வருகிறார். ரொம்பவும் தள்ளிப்போடுவதிலும் சிக்கல் உண்டு: புரை முற்றிவிட்டால் விழித்திரையே சரியாகத் தெரியாது.

சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் தேதி தள்ளிப்போகலாம். கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பது ஒரு காரணம். அதற்காகக் கடைசி வாரத்தில் சோற்றை நிறுத்திச் 'சரிபண்ணுவது' பலன் தராது. சில மாதங்களாகச் சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பலர் யோசித்தே பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. புரோஸ்டேட் பிரச்சினைக்குக் கொடுக்கப்படும் 'டாம்சுலோசின்' மாத்திரை, அறுவைச் சிகிச்சையின்போது கருவிழித் திரையைத் தளரச் செய்து, கண்ணின் பாவையைச் சுருக்கிவிடலாம். மருத்துவ உலகம் இதை விவரித்தது 2005இல்தான். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த விளைவு நீடிக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார், அவ்வளவுதான். ஆனால் கண் டாக்டரிடம் போய் எந்த அப்பா சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லப்போகிறார்? அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

எனவே கூடப் போகும் நீங்கள் எல்லா மருந்து உறைகளையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்த வேண்டாம். பக்கவாத அபாயம் உண்டு. நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். ஓயாத இருமலோ, மல்லாந்து படுத்தால் மூச்சுத்திணறலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டுமே.

சிகிச்சை முடிந்து பார்வை பளிச்சென்று ஆனதும், "இனிமே எதுக்கு?" என்று சிலர் கண் பரிசோதனையையே விட்டுவிடுகிறார்கள். நீரிழிவு இருப்பவர் பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் விழித்திரைப் படம் இருக்கிறதே, அதை டாக்டர் சொன்ன இடைவெளியில் தொடர்ந்து எடுக்க வேண்டும். அடுத்த தேதியை உங்கள் கைப்பேசியிலும் குறித்து வையுங்கள்.