முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்

மின்வெட்டில் அணைந்த லினக்ஸ் கணினி மறுபடி கிளம்பாமல் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால், பலருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “எஃப்எஸ்சிகே போடு, கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘ஒய்’ அடி.” பல நேரங்களில் கணினி எழுந்துவிடும். அதனாலேயே அந்த அறிவுரை நிலைத்துவிட்டது. ஆனால் ஹார்டு டிஸ்க்கே பழுதாகியிருந்தால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளையும் இதே அறிவுரை பறித்துவிடும்.

இரண்டு கோளாறுகளை ஒன்றாக நினைப்பதால் வரும் வினை இது. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு குளறுபடியாவது ஒரு வகை. எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் மாற்றங்களை ஜர்னலில் முன்கூட்டியே குறித்துக்கொள்வதால், மின்வெட்டால் வரும் குளறுபடி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். டிஸ்க்கின் செக்டர்கள் படிக்க முடியாமல் போவது இன்னொரு வகை. அதைக் குணப்படுத்தும் கட்டளை எதுவும் இல்லை.

எஃப்எஸ்சிகே கட்டளையின் வேலை இந்தக் கணக்கை நேராக்குவது மட்டுமே. பொருந்தாத பதிவுகளை அது நீக்கிவிடும். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்பை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில், # குறியும் ஓர் எண்ணுமே பெயராகப் போட்டு வைக்கும். கல்யாணப் போட்டோ எது, வீட்டுப் பத்திரம் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகேயை ஓட்டினால், நன்றாக இருந்த கோப்புகளும் சிதையக்கூடும்.

ஆகவே முதலில் டிஸ்க்கையே விசாரிக்க வேண்டும். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை தரும் பட்டியலில், 5ஆம் எண் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவற்றையும் காட்டும். அவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அலட்சியம் கூடாது. கூகுள் 2007இல் லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், பரப்பைச் சோதிக்கையில் தெரியும் ‘ஸ்கேன் பிழை’யை முதன்முறை காட்டிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாதவற்றைவிட 39 மடங்கு இருந்தது.

பட்டியல் சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பேக்கப்புக்கு மாற்று கிடையாது.

பேக்கப் இல்லாத டிஸ்க் திணறத் தொடங்கினால் ‘டிடிரெஸ்க்யூ’தான் கைகொடுக்கும். அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இந்தக் குனு மென்பொருள், எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். முரண்டுபிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகேயை அந்த நகலின் இன்னொரு பிரதியில்தான் ஓட்ட வேண்டும். அங்கே தவறு நேர்ந்தால் நகலிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

லினக்ஸ் சொல்லித்தரும் கல்லூரிகள் இந்த வரிசையைப் பாடமாக்க வேண்டும். செக்டர் போன பழைய டிஸ்க் ஒன்றை மாணவர் கையில் கொடுத்துச் செய்முறைத் தேர்வு வைக்கலாம். முதல் மதிப்பெண், நகல் எடுத்தவருக்கே போக வேண்டும்.