கழற்றும் முன் கண்டறிக

கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, புனே நகரின் நெரிசலான சந்திப்பொன்றில் என் சிறிய கார் நின்றுவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கியர் விழவில்லை. எச்சரிக்கை விளக்கு மட்டும் ஒளிர்ந்தது. இழுத்துச் சென்ற பணிமனையில் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தவர், கியரை இயக்கும் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். தொகை அரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒப்புதல் தருமுன் வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் முதலில் தொட்டது பேட்டரியை. மின்னழுத்தத்தை அளந்தார்; எர்த் கம்பி வாகன உடலோடு சேரும் இடத்தில் படிந்திருந்த துருவைச் சுரண்டி, முனையை இறுக்கினார்; பிழைக் குறியீட்டை அழித்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கியர் விழுந்தது. அவர் பெற்ற கூலி சில நூறு ரூபாய்.

முன்னவர் ஏமாற்றுக்காரர் என்று நான் கூறமாட்டேன். கருவி காட்டியதை அவர் நம்பினார். ஆனால், கருவி காட்டுவது அறிகுறியை, காரணத்தை அன்று. 'பி0700' என்னும் குறியீடு, கியர் கட்டுப்பாட்டுக் கணினியில் ஏதோ ஒரு பிழை பதிவாகியுள்ளது என்று மட்டுமே அறிவிக்கிறது. அது எந்தப் பிழை, ஏன் நேர்ந்தது என்பதை மனிதர்தாம் தேடிக் கண்டறிய வேண்டும்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு மாருதி செலேரியோ ஏ.எம்.டி. வசதியோடு வந்தபின், தானியங்கி கியர் எளிய குடும்பங்களின் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவை ஒன்றல்ல. ஏ.எம்.டி. என்பது வழக்கமான கியர்பெட்டியே. கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியரை மாற்றும் வேலையையும் கணினி ஏற்கிறது. டார்க் கன்வர்ட்டர் வகை, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. சி.வி.டி. வகையில் பற்சக்கரங்களால் ஆன கியர்களுக்குப் பதிலாக எஃகுப் பட்டையும் கப்பிகளும் வேகத்தை மாற்றுகின்றன. அதற்குரிய திரவத்தை விடுத்து வேறொன்றை ஊற்றினால் பட்டை வழுக்கித் தேயும். உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்கையில் சூடேறிவிடும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.

எனவே, இத்தொழிலைக் கற்பவர் முதலில் பழக வேண்டியது ஸ்பேனரை அன்று, வரிசையை. பேட்டரியும் மின்னிணைப்புகளும் முதலில். பின்னர் எண்ணெயின் அளவும் நிலையும். தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கலாம். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அடுத்து, குறியீடுகளைப் படித்தல், சாலையில் ஓட்டிப் பார்த்தல், அழுத்தத்தை அளத்தல். இவை அனைத்தும் முடிந்த பிறகே கியர்பெட்டியைத் திறக்க வேண்டும். எண்ணெய்த் தட்டில் உலோகத் துணுக்குகள் கிடந்தால், திறக்கத் தயங்கவும் கூடாது.

இந்த அறிவு நாள்பட்ட அனுபவத்தால் மட்டுமே வாய்க்கும் என்று விட்டுவிடுதல் தகாது. தொழிற்பயிற்சி நிலையங்களின் ஈராண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சியில், பழுதான தானியங்கி கியர்பெட்டிகளை மாணவர் தம் கையாலேயே பிரித்துச் சேர்க்கும் மணிநேரம் கூட வேண்டும். ஏற்கெனவே பட்டறை நடத்துவோரும் மேற்பயிற்சி பெற வேண்டும். இல்லையேல், பழைய வகைக் கார்கள் குறையக் குறைய அவர்களின் பிழைப்பும் குறையும். திறன் கடன் திட்டத்தின் உச்சவரம்பு 2024இல் 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. கருவிகள் வாங்க முத்ரா கடன் இருக்கிறது. பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியோ மகனோ நம் வீட்டில் இருந்தால், வங்கிக் கிளைக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது நம் கடமை.

வாகன உரிமையாளர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பெரிய மதிப்பீடு கைக்கு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்போம்: எந்தக் குறியீடு வந்தது? அதன் காரணத்தை எந்தச் சோதனை உறுதி செய்தது? அந்த உறுப்பை மட்டும் பழுதுபார்க்க இயலுமா? சோதனைக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்போம். உறுப்பை மாற்றினால்தான் வருமானம் என்ற நிலையில் மெக்கானிக்கை வைத்துவிட்டு, அவரிடம் பொறுமையான ஆய்வை எதிர்பார்ப்பது நியாயமாகாது.