வால்வைத் திறக்கச் சொன்னால்

நொய்யல் கரையில் நடந்த ஒரு கிளைக் கூட்டத்தில் சாயப்பட்டறைத் தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அங்கிருந்த எவராலும் உடனே பதில் சொல்ல இயலவில்லை. நாமும் அன்று சொல்லவில்லை.

மழை பெய்யும் இரவுகளில், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டிய சாயத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடும்படி மேனேஜர் உத்தரவு போடுகிறார். வால்வைத் திருப்புகிற கை தொழிலாளியின் கை. “வெளியே சொன்னால் கரண்டை வெட்டி, பட்டறைக்கு சீல் வைத்துவிடுவார்கள், அறுபது பேர் கூலி போகும். சொல்லாவிட்டால் கீழே இருக்கிற ஊர்க் கிணறு கெடும். நான் என்ன செய்யட்டும், தோழர்?”

பின்வரிசையிலிருந்து விவசாயத் தொழிலாளியான அம்மா ஒருவர் சொன்னார்: “தம்பி, இந்தப் பட்டறை போனா உனக்கு இன்னொரு பட்டறை இருக்குது. எங்க காட்டுல உப்புப் பூத்துப்போனா நாங்க எந்தக் காட்டுக்குப் போறது?” அவருக்கென்று ஒரு சென்ட் நிலமும் கிடையாது, பிறர் காட்டில் களை வெட்டுகிறவர். நிலம் கெட்டால் பட்டாதாரர் நஷ்டஈடு கேட்கலாம். களைக்கொத்துக்கு ஏது பட்டா?

இது இன்று முளைத்த பிரச்னை அல்ல. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் துணியோடு போகிறது, உப்பு தண்ணீரோடு போகிறது. நிறத்தை எடுப்பது சுலபம். உப்பைப் பிரித்தெடுக்கத்தான் சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் இயந்திரம், மின்சாரம், எரிபொருள் என்று பணம் கரைகிறது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் நள்ளிரவில் வால்வு திறக்கிறது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடிய விசித்திரத்தை நாம் பார்த்தோம். சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாதென்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை முதலாளிகள் மதிக்காததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள்! ஆற்றங்கரை மூச்சுவிட்டது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் மூட்டை கட்டினர். இரண்டு பக்கமும் நம் ஜனங்களே.

கூலியைக் காட்டி ஆற்றைக் கெடுப்பதும், ஆற்றைக் காட்டிக் கூலியைப் பறிப்பதும் முதலாளிக்குக் கைவந்த கலை. ஆனால் அவரைத் திட்டிவிட்டால் தோழரின் கேள்வி தீர்ந்துவிடாது. வால்வு இன்னும் அவர் கையில் இருக்கிறது.

நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். வால்வைத் திறக்கக்கூடாது, திறப்பதை மறைக்கவும் கூடாது. போன கூலியைப் போராடித் திரும்ப வாங்கிய சரித்திரம் நமக்கு உண்டு. உப்பேறிய கிணறோ ஒரு தலைமுறைக்குத் திரும்பாது. இதுதான் நாம் போட்ட கணக்கு. இதனால் எவருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னால் அது பொய். வடக்கேயிருந்து வந்து பட்டறை வளவிலேயே தங்கியிருக்கும் தோழனுக்குக் கூலியோடு கூரையும் போகும். அவன் நம்மைச் சபித்தால் அதில் நியாயம் உண்டு.

ஆகவே தனி ஆள் மொட்டைக் கடுதாசி போடுவது வழியல்ல. அறுபது பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். திறந்த தேதி, மணி எல்லாம் குறித்து சங்கத்தின் பெயரால் மனு போகவேண்டும். பட்டறை மூடியிருக்கும் நாளுக்கு முழுக்கூலி என்ற கோரிக்கை அதே தாளில் இருக்கவேண்டும். கீழ்க்கரை விவசாயத் தொழிலாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். இது ஆகாத கோரிக்கை அல்ல. டில்லியில் 168 அபாயகரமான தொழிற்சாலைகளை நகரைவிட்டு வெளியேற்ற 1996 ஜூலை 8 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது, இடம் மாறும் ஆலைகளின் தொழிலாளருக்கு, மூடிய நாள் தொட்டு மறுபடி திறக்கும் நாள் வரை முழுச் சம்பளம் தரவேண்டும் என்றும் சொன்னது. உத்தரவு காகிதத்தில் இருப்பது வேறு, சம்பளம் கையில் விழுவது வேறு என்பதும் நமக்குத் தெரியும்.

அறுபது பேரும் வாய்மூடி இருப்போம் என்று முடிவு செய்தால்? இதற்குத்தான் நாம் அதிக நேரம் யோசித்தோம். அப்போதும் அந்தத் தோழர் கையை எடுத்துவிட வேண்டும் என்றே நினைக்கிறோம். வேலை போகும், கூட நின்றவர்களே காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். மேஜைமுன் உட்கார்ந்து எழுதுகிற நாம் இதை உத்தரவாகச் சொல்ல வெட்கப்படுகிறோம். அவர் வீட்டு அடுப்புக்குக் கிளை பொறுப்பேற்காதவரை, அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் கிடையாது.

கிளைத் தோழர்கள் ஆளுக்கு ஒரு கிலோ அரிசி சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் மூட்டை கீழ்க்கரை ஊரிலிருந்து வந்தது. அந்தச் சாயப்பட்டறைத் தோழர் இன்னும் தம் முடிவைச் சொல்லவில்லை.