உருகி அடிக்கடி உருகுவது ஏன்?

கண்டி, கட்டுக்கலையிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கின்றார். அவருடைய பழைய வீட்டில் விளக்குகளுக்குரிய உருகி, ஒரு மாத காலமாக மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் அடிக்கடி உருகிற்றாம். காலையில் வந்த மின்பணியாளர் ஒவ்வொரு விளக்காக ஏற்றிப் பார்த்துவிட்டு, குறையொன்றுமில்லை என்று போய்விட்டார். பின்னர் வீட்டிலுள்ள ஒருவர் உருகிக்கம்பியை இரண்டாக மடித்துச் சுற்றினார். அன்றுதொட்டு உருகி உருகவில்லை. ஆனால், மாலையில் உட்கூரையின் ஒரு மூலையிலிருந்து ஏதோ கருகுகின்ற மணம் வருகின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது அவர் கேள்வி.

உண்டு. இதனை வாசித்தவுடனே பிரதான ஆளியை அணைத்துவிட்டு, மடித்த கம்பியைக் கழற்றிவிடுமாறு வேண்டுகிறேன். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

விளக்குச் சுற்றுக்குரிய 5 அம்பியர் உருகிக்கம்பி வெள்ளீயம் பூசிய செம்பினாலானது, தடிப்பு 0.2 மில்லிமீற்றர். மின்னோட்டம் 5 அம்பியரைத் தாண்டிய கணமே அது அறுவதில்லை. ஏறக்குறைய இருமடங்கு ஓடினாற்றான் உருகும். இரண்டு இழையாக்கினால் அந்த எல்லையும் ஏறத்தாழ இரட்டிக்கும். அப்பொழுது பீங்கானுக்குள் காயவேண்டிய சூடு, உட்கூரையின்மேல் மரச் சட்டங்களிடையே செல்லும் கம்பியில் ஏறுகின்றது. லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய காலத்து வீட்டுக் கம்பிகள் இறப்பர் உறையிட்டவை. அவ்வுறை இன்று தொட்டால் உதிரும்.

மாலையில் மட்டும் ஏன்? மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. 60 வாற்று இழைக்குமிழ்கள் பத்து ஒருங்கே எரிந்தாலும் 2.6 அம்பியர்தான். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ்கள் பத்துக்கு அரை அம்பியரும் வேண்டியதில்லை. ஆகவே, குறையற்ற விளக்குகளின் பாரத்தால் மட்டும் இந்த உருகி உருகாது. வேறேதோ அதில் தொங்குகின்றது. பழைய வீடுகளில் ஆளிப்பலகையருகே, விளக்குச் சுற்றிலிருந்தே கிளைவிட்ட உருண்டைமுள் பிளக் பொயின்ற் ஒன்று இருக்கும். அதில் அடப்டரைச் செருகி 2000 வாற்றுக் கேத்தலை மாட்டினால் 8.7 அம்பியர். மறுநாட் சீருடைக்காக 1000 வாற்று மின் அழுத்தியும் சேர்ந்தால் மொத்தம் 13 அம்பியர். அன்பர் கேத்தலைப் பற்றி எழுதவில்லை. ஆயினும், கண்டிக் குளிரில் மாலைத் தேநீர் இல்லாத வீட்டை நான் கண்டதில்லை.

இது பாரத்தினாலா, குறுஞ்சுற்றினாலா என்பதை உருகியே காட்டும். கம்பி நடுவில் மட்டும் அறுந்து, பீங்கான் வெண்மையாக இருந்தால் பெரும்பாலும் பாரம். சில நிமிடங் கழித்தே அறுந்திருக்கும். பீங்கான் கருகி, செம்புத் துளிகள் சிதறியிருந்தால் குறுஞ்சுற்று. ஆளியைப் போட்ட கணத்தில் போயிருக்கும். இழைக்குமிழ் ஒன்று உயிர்விடும்போது உருகியையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. அது ஒருமுறை நடந்தால் கவலையில்லை.

குறுஞ்சுற்றாயின், எல்லா விளக்காளிகளையும் அணைத்துவிட்டுப் புதிய 5 அம்பியர்க் கம்பியை இடுக. பிரதான ஆளியைப் போட்டதும் அறுந்தால், குறை ஆளிகளுக்கு முன்னுள்ள கம்பியில் இருக்கின்றது. அது மின்பணியாளர் வேலை. அறாவிடின், ஆளிகளை ஒவ்வொன்றாகப் போடுக. எதனைப் போடும்போது அறுகின்றதோ அந்த விளக்கின் கிளையிலேதான் குறை. மழை படும் முன்வாசல் விளக்கையும், குமிழ்ச் சூட்டில் உறை வெடித்த தொங்குகம்பியையும், எலி நடமாடும் உட்கூரையையும் முதலிற் சந்தேகிக்கலாம். அனுபவமுள்ள பணியாளர்கள் கம்பியை வீணாக்காமல், உருகியின் இடத்தில் 100 வாற்று இழைக்குமிழ் ஒன்றைத் தொடுப்பார்கள். குறுஞ்சுற்று இருக்கும்வரை அது முழு ஒளியுடன் எரியும். ஓட்டமோ அரை அம்பியரைத் தாண்டாது. நீங்களே அதனைச் செய்ய முயலவேண்டாம்.

தம் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் உண்டென்றும், அது விழவில்லையென்றும் அன்பர் எழுதுகின்றார். அது மின் கசிவை மட்டும் அறிவது. கேத்தலுக்குள் போன ஓட்டம் அவ்வளவும் ஒழுங்காகத் திரும்பி வந்தால் அதற்கு ஒன்றுந் தெரியாது.

மணம் வரும் மூலையைத் திறந்து பார்க்காமல் அந்தச் சுற்றுக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டாம். மின்பணியாளரை இம்முறை மாலை ஆறு மணிக்கு வரச்சொல்லுங்கள்.