தன்பாலீர்ப்பாளருக்கு ஒரு நாடு: பாஸ்போட் யாருக்கு?

தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று உலகத்தில் ஒரு தனிநாடு இருந்தால், அந்த நாட்டுக்கு யார் குடிமக்கள்? யாருக்குப் பாஸ்போட் கொடுப்பது, யாரை வாசலில் மறிப்பது? கேட்டவுடன் எங்களுக்கும் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்சம் கதைக்கத் தொடங்கினதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு ஆள் தன்னைப் பற்றிச் சொல்வதை அரசு எப்போது நம்பும், எப்போது நம்பாது என்ற பெரிய சிக்கல் இந்தக் கேள்விக்குள் கிடக்கிறது. நாடு கேட்ட, நாடற்றுப்போன, வேறு நாட்டு வாசல்களில் வரிசையில் நின்ற சனத்தின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை.

இப்படி ஒரு நாட்டை அறிவித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004 ஜூனில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு குழு, பவளக் கடலில் உள்ள கேட்டோ என்ற ஆளில்லாத சின்னத் தீவில் வானவில் கொடியை ஏற்றி, பவளக் கடல் தீவுகளின் கே, லெஸ்பியன் இராச்சியம் என்று ஒன்றை அறிவித்தது. டேல் பார்க்கர் அண்டர்சன் என்பவர் அதன் சக்கரவர்த்தி ஆனார். ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அவுஸ்திரேலிய அரசு ஏற்க மறுத்ததற்கான எதிர்ப்பு அது. அதே ஆண்டு ஓகஸ்டில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும்தான் என்று அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். இராச்சியம் பிறகு முத்திரை கூட வெளியிட்டது. எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. 2017 நவம்பரில் நடந்து முடிந்த அஞ்சல்வழி வாக்கெடுப்பில், பங்குபற்றினவர்களில் 61.6 சதவீதம் பேர் ஒரேபாலினத் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். அந்தக் கையோடு இராச்சியம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

கேட்டோவில் யாரும் வீடு கட்டிக் குடியிருக்கவில்லை. ஆகவே யார் குடிமகன் என்ற பிரச்சினை பெரிதாக எழ இடமும் இருக்கவில்லை. ஆட்கள் வாழ்கிற, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உள்ள ஒரு நாடாக அதை நினைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தொடங்கும்.

வழக்கமாக நாடுகள் குடியுரிமை கொடுப்பதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று இரத்தம்: தாய் தகப்பன் குடிமக்கள் என்றால் பிள்ளையும் குடிமகன். மற்றது மண்: இங்கே பிறந்தால் நீ இந்த நாட்டு ஆள். இந்த நாட்டுக்கு இரண்டும் சரிவராது. தன்பாலீர்ப்பு தாய் தகப்பனிடமிருந்து சொத்து மாதிரி வருவதில்லை. தன்பாலீர்ப்பாளரில் பெரும்பாலானவர்கள் ஆணும் பெண்ணும் கலியாணம் கட்டி வாழும் சாதாரண வீடுகளில்தான் பிறக்கிறார்கள். நாளைக்கு அந்த நாட்டுக்குத் தேவைப்படப்போகிற பிள்ளை இன்றைக்கு மன்னாரிலோ கம்பாலாவிலோ யாரோ ஒருவரின் மடியில் இருக்கும். தன்னுடைய அடுத்த தலைமுறையைத் தானே பெற்றுக்கொள்ள முடியாத நாடு அது. ஆகவே எப்போதும் வெளியிலிருந்து வருகிறவர்களை நம்பித்தான் இருக்கவேணும்.

"அப்ப சுலபம்தானே, தன்பாலீர்ப்பாளர் ஆரும் வரலாம் எண்டு சட்டம் போடுங்கோ" என்று ஒருவர் சொல்லலாம். 1950இல் இஸ்ரேல் கொண்டுவந்த திரும்பிவரும் சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான்: யூதர் எவரும் வந்து குடியேறலாம். அந்தச் சட்டத்திலேயே யூதர் என்றால் யார் என்ற கேள்வி திரும்பத் திரும்ப நீதிமன்றம் போனது. அதே மண்ணில் பிறந்து துரத்தப்பட்ட பலஸ்தீனர்களுக்கு அந்தக் கதவு திறக்கவுமில்லை. மதத்துக்காவது ஏதோ ஒரு பதிவு, ஒரு சடங்கு இருக்கும். மனதில் இருக்கும் ஈர்ப்புக்கு எந்தக் கந்தோர் அத்தாட்சி கொடுக்கும்?

இந்தச் சோதனை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. அசைலம் கேஸ் பற்றித் தெரியாத வீடு எங்கள் ஊர்களில் குறைவு. திகதி மாறக்கூடாது, கதை பொருந்தவேணும், அழவேண்டிய இடத்தில் அழவேணும். பாலீர்ப்பின் காரணமாக அடைக்கலம் கேட்கிறவர்களுக்கும் அதே இன்ரவியூதான். அதிகாரி கேட்பது மட்டும் இன்னும் உள்ளே போகும்: எப்போது தெரிந்தது, எத்தனை பேருடன் இருந்தாய், என்ன ஆதாரம்? நெதர்லாந்தில் அடைக்கலம் கேட்ட மூன்று பேரின் வழக்கில், படுக்கையறை விபரங்களைத் துருவிக் கேட்கக்கூடாது, அந்தரங்க வீடியோக்களை ஆதாரமாக ஏற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளிக்கவேண்டி இருந்தது. ஹங்கேரியில் ஒரு நைஜீரியருக்கு உளவியல் சோதனை வைத்தார்கள். மைக்கறைப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பது, மழையில் நிற்கும் ஒரு ஆளை வரையச் சொல்வது. வரைந்த படத்தைப் பார்த்து இவர் தன்பாலீர்ப்பாளரா இல்லையா என்று கண்டுபிடிக்கலாமாம்! 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதையும் கூடாது என்றது.

எங்கள் கற்பனை நாட்டின் குடிவரவுக் கந்தோரிலும் யாரோ ஒரு அதிகாரி இதே மேசையில்தான் இருப்பார். அவரும் தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம். கேள்வி மாறப்போவதில்லை.

அந்த மேசையில் யார் பாஸ் பண்ணுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காதலனோடு எடுத்த படம், சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டின் ஒப்பந்தம், ஊர்வலத்தில் கொடி பிடித்த வீடியோ, இதெல்லாம் ஏற்கனவே ஓரளவு சுதந்திரமாக வாழ்கிறவரிடம் இருக்கும். இருபத்திரண்டு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் என்ன இருக்கும்? ஒவ்வொரு மெசேஜையும் வாசித்தவுடன் அழிக்கிற பெடியனிடம் என்ன இருக்கும்? யாரையும் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத பதினெட்டு வயதுப் பிள்ளையிடம்? ஆண், பெண் இருவரிடமும் ஈர்ப்புள்ளவரைப் பார்த்து, "நீங்கள் அரைவாசிதானே, உங்கள் நாட்டிலேயே சமாளிக்கலாம்" என்று அதிகாரி சொல்லமாட்டாரா? அந்த நாடு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் அத்தாட்சி மிகக் குறைவு. ஆதாரம் கேட்கிற சட்டம் அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

ஒடுக்கப்பட்டவர்கள் கட்டும் இடத்தில் இப்படி நடக்காது என்று நம்ப ஆசைதான். அமெரிக்காவில் 1976 முதல் 2015 வரை மிச்சிகனில் பெண்களுக்கான ஒரு இசைவிழா நடந்தது. லெஸ்பியன் பெண்கள் பலருக்கு ஆண்டில் ஒரு கிழமை தலைநிமிர்ந்து நடக்கக் கிடைத்த ஊர் அது. பெண்ணாகப் பிறந்த பெண்களுக்கு மட்டும்தான் என்று அங்கே ஒரு கொள்கை இருந்தது. 1991இல் ஒரு திருநங்கையை அந்தக் காரணம் சொல்லி வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்களும் வெளியே தங்கள் ஊர்களில் ஒதுக்கப்பட்டவர்கள்தான்.

எங்கள் தீவிலிருந்தே இரண்டு உதாரணம் எடுக்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் வழியில் இந்த மண்ணில் பிறந்ததற்குத் தாள் கேட்டது. தோட்டத்து லயன்களில் பிறந்தவர்களிடம் அந்தத் தாள் எங்கே இருக்கும்? சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினைக்கும் சட்டத்தில் முடிவு வர 2003 ஆகிவிட்டது. அது பெரும்பான்மை அரசு செய்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை வெளியேற்றியது பெரும்பான்மை அரசு இல்லை. எங்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்று போராடிய விடுதலைப் புலிகள். வெளியேற்றப்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், அதே தெருவில் தலைமுறையாக இருந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சனத்தின் பெயரில் நாடு கட்டும்போதும் "இவர் எங்கட ஆளா?" என்ற கேள்வி எவ்வளவு கெதியாகக் கதவைத் தட்டும் என்று எங்களுக்குத் தெரியவேணும்.

இனிப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். அந்த நாட்டில் இரண்டு தாய்மார் ஒரு மகளை வளர்க்கிறார்கள். அவள் வளர்ந்து ஒரு ஆணைக் காதலிக்கிறாள். பதினெட்டு வயதில் அவளுடைய அடையாள அட்டையைப் பறிப்பதா? காதலனுக்கு விசா இல்லை என்பதா? "வீட்டுக்குச் சொல்லாதேங்கோ, எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்" என்று அவள் சிநேகிதியிடம் இரகசியமாகச் சொல்லவேண்டி வந்தால், நாங்கள் தப்பி ஓடிவந்த ஊரை அச்சொட்டாகத் திரும்பக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. அந்த நாட்டின் குடியுரிமைக்குப் பாலீர்ப்பு தகுதியாக இருக்கக்கூடாது. ஆபத்திலிருந்து ஓடிவருகிறேன் என்று சொல்கிறவருடைய வாய்ச்சொல் போதும். ஈர்ப்பை நிரூபிக்கச் சொல்லி ஒரு கேள்வியும் வேண்டாம். அங்கே பிறந்த பிள்ளையும், சில ஆண்டுகள் வாழ்ந்து வேலை செய்தவரும் குடிமக்கள். எதிர்ப்பாலினத் துணை, கூட வந்த தாய், தம்பி எல்லாருக்கும் அதே சட்டம். அடையாள அட்டையில் ஈர்ப்புக்கென்று ஒரு நிரல் இருக்கவே கூடாது. அப்படி ஒரு பட்டியல் பிறகு யாருடைய கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

"அப்ப எல்லாரும் வந்திட்டா, அது என்ன தன்பாலீர்ப்பாளர் நாடு? பத்து வருசத்தில நாங்கள் அங்கயும் சிறுபான்மைதானே?" நியாயமான பயம். பொய் சொல்லி வருகிறவர்களும் இருப்பார்கள். வறுமையில் ஓடிவந்த ஒருவர் பொய் சொல்லி உள்ளே வந்தால் நாட்டுக்கு ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான். உண்மை சொன்ன ஒருவரை நம்பாமல் திருப்பி அனுப்பினால் ஒரு உயிர் போகலாம். இந்த இரண்டு பிழைகளும் ஒரே நிறை இல்லை. சிறுபான்மை ஆகிவிடுவோம் என்ற பயத்துக்கு மருந்து அரசியலமைப்பில் இருக்கவேணும். யார் வந்தாலும், எத்தனை பேர் வந்தாலும் மாற்ற முடியாத சமத்துவ உரிமைகள், அதைக் காக்கும் நீதிமன்றம், அதைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். தலை எண்ணி ஒரு நாட்டைக் காப்பாற்ற வெளிக்கிட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது இந்தத் தீவின் வரலாறு.

இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தன்பாலீர்ப்பு விடுதலை இயக்கத்தினர் சிலர், கலிபோர்னியாவின் அல்பைன் என்ற மலை மாவட்டத்துக்குக் குடிபெயரத் திட்டம் போட்டார்கள். அங்கே மொத்த சனத்தொகையே ஐந்நூறுக்குள்தான். சில நூறு பேர் போய் வசித்து, வாக்காளராகப் பதிந்து, தேர்தலில் வென்றால் நிர்வாகம் அவர்கள் கையில். திட்டம் நடக்கவில்லை. ஆனால் அதில் தகுதி என்று இருந்தது ஒன்றுதான்: அங்கே வசிக்கவேணும், வாக்குப் போடவேணும். ஏற்கனவே இருந்த ஊர்க்காரரும் வாக்காளர்தான்.

இப்படி ஒரு நாடு வரப்போவதில்லை. கேட்டோ இராச்சியமும் தன் ஊர்ச் சனம் ஆம் என்றதும் கலைந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சொந்த நாட்டிலேயே முழுக் குடிமக்களாக இருப்பது. இங்கே 1883இன் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995 திருத்தத்தில் பெண்களையும் சேர்த்து அவற்றை அகலப்படுத்தினார்கள். அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை. திருநர் ஒருவர் பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்ற, மனநல மருத்துவரின் மதிப்பீட்டைத் தாண்டித்தான் போகவேணும். தாளில் குடியுரிமை இருக்கிறது, ஆனாலும் மேசைக்கு முன்னால் நின்று நிரூபிக்கவேண்டி இருக்கிறது.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. அதோடு, யாராவது ஒரு கூட்டாளி தன்னைப் பற்றி முதல்முறை உங்களிடம் சொல்லும்போது, "உனக்கு எப்பிடித் தெரியும்? ஆரோடயாவது இருந்து பாத்தியா?" என்று கேட்க வாய் உன்னும். அது குடிவரவு அதிகாரியின் கேள்வி. அதைக் கேட்காதீர்கள். "சரி, சொன்னதுக்கு நன்றி. தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேளுங்கள்.